விழுபவர் பலர், எழுபவர் சிலர்: பங்காரு லட்சுமண் வழக்கும் 30 நாள் மசோதாவும்

2025 ஆகஸ்ட் 20 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, அரசமைப்புச் சட்டத்தின் 130-வது திருத்த மசோதாவை மக்களவையில் அறிமுகப்படுத்தினார். ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றச்சாட்டில் கைதாகி, தொடர்ந்து 30 நாள்கள் காவலில் இருக்கும் பிரதமர், முதலமைச்சர், அமைச்சர் எவராயினும் 31-வது நாளில் பதவியிழப்பார் என்பதே அதன் சாரம். கடும் எதிர்ப்புக்கிடையே மசோதா கூட்டு நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஊழலை ஒழிக்கும் வழி இது என்கிறது ஆளும் தரப்பு. எதிர்க்கட்சி ஆட்சிகளைக் கவிழ்க்கும் வழி என்கிறது எதிர்த்தரப்பு.

இந்த வாதப் பிரதிவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு மசோதாவில் உண்டு. காவலிலிருந்து விடுவிக்கப்பட்டவரை மீண்டும் அதே பதவியில் நியமிக்கத் தடையில்லை என்று அது சொல்கிறது. இதைக் காட்டியே, "பதவி நிரந்தரமாகப் பறிபோவதில்லை, பிறகென்ன அநீதி?" என்று கேட்கிறார்கள். சட்டத்தின் எழுத்தில் இந்தக் கேள்வி நியாயமானதாகத் தோன்றலாம். ஆனால், நடைமுறையில் இந்தியக் கட்சிகள் யாரைத் திரும்ப அழைத்துக்கொள்கின்றன, யாரைக் கைகழுவி விடுகின்றன என்பதைப் பார்த்தால்தான் இதன் உண்மையான பொருள் விளங்கும். அதற்கு நாம் கால் நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. பாரதிய ஜனதா கட்சியின் தேசியத் தலைவர் பொறுப்பில் அமர்ந்த ஒரே தலித்தின் கதை அது.

ஒரு லட்சம் ரூபாய்

2001 மார்ச் 13 அன்று தெகல்கா இணையதளம் தனது 'ஆபரேஷன் வெஸ்ட் எண்ட்' ஒளிப்பதிவுகளை வெளியிட்டது. லண்டனைச் சேர்ந்த ஆயுத நிறுவனத்தின் முகவர்கள் என்று சொல்லிக்கொண்டு செய்தியாளர்கள் அரசியல்வாதிகளையும் இராணுவ அதிகாரிகளையும் இடைத்தரகர்களையும் சந்தித்திருந்தார்கள். அப்படியொரு நிறுவனமே கிடையாது. இரவிலும் பார்க்க உதவும் கையடக்க வெப்பப் படக்கருவிகளை இராணுவத்துக்கு விற்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆளுங்கட்சியின் தேசியத் தலைவர் பங்காரு லட்சுமண் தமது அறையில் ஒரு லட்சம் ரூபாய்க் கட்டுகளை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைப்பதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

மறுநாளே அவருடைய தலைவர் பதவி போயிற்று. அந்த இடத்துக்குத் தமிழகத்தைச் சேர்ந்த ஜனா கிருஷ்ணமூர்த்தி வந்தார். கட்சிக்கான நிதியாகவே பணத்தைப் பெற்றேன் என்று லட்சுமண் சொன்னார். 2004-ல் ஆட்சி மாறியபின் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போனது. 2012 ஏப்ரல் 27 அன்று டெல்லி சிறப்பு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. மறுநாள் நான்கு ஆண்டு சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன.

அவர் தண்டிக்கப்பட்டது 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 9-வது பிரிவின் கீழ். தமது தனிப்பட்ட செல்வாக்கைக் கொண்டு அரசு ஊழியரை இணங்கவைப்பதற்காகப் பணம் பெறுவது அப்பிரிவின்படி குற்றம். அன்றைய சட்டத்தில் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை ஆறு மாதம். அதிகபட்சம் ஐந்து ஆண்டு. எழுபதைக் கடந்த, உடல்நலம் குன்றிய ஒருவருக்கு உச்சவரம்பை நெருங்கிய தண்டனையே கிடைத்தது. திகார் சிறையில் ஏறத்தாழ ஐந்தரை மாதம் கழித்த பிறகு, அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை வழங்கியது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, 2014 மார்ச் 1 அன்று அவர் காலமானார். அடுத்த இரண்டரை மாதத்தில் அவருடைய கட்சி தனிப்பெரும்பான்மையுடன் ஒன்றிய ஆட்சியைப் பிடித்தது.

ஏறிய ஏணி யாருடையது?

லட்சுமண் 1939-ல் பிறந்தவர். இளம்வயதிலேயே ஆர்.எஸ்.எஸ். இயக்கத்தில் சேர்ந்தவர். ஆந்திரத்தில் பா.ஜ.க.வுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான செல்வாக்கு இல்லாத நாள்களில் அங்கே கட்சிக்காக உழைத்தார். 1991-ல் பிரதமர் பி.வி. நரசிம்ம ராவ் நந்தியாலில் மக்களவை இடைத்தேர்தலைச் சந்தித்தபோது, எதிரே பா.ஜ.க. நிறுத்தியது இவரைத்தான். தெலுங்கர் ஒருவர் பிரதமராகியிருக்கிறார் என்பதற்காகத் தெலுங்கு தேசமே போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொண்ட தேர்தல் அது. 5 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் லட்சுமண் தோற்றார். தோல்வி உறுதியாகத் தெரிந்த களத்தில் கட்சி யாரை நிறுத்துகிறது என்பதும் ஒரு செய்திதான்.

1996-ல் குஜராத்திலிருந்து மாநிலங்களவைக்கு அனுப்பப்பட்டார். வாஜ்பாய் அமைச்சரவையில் இரயில்வே இணையமைச்சராக இருந்தார். 2000 ஆகஸ்டில் கட்சியின் தேசியத் தலைவரானார். நாக்பூரில் கூடிய தேசிய மன்றத்தில், இஸ்லாமியரிடம் கட்சி நெருங்கிச் செல்ல வேண்டும் என்று அவர் பேசியது அப்போது பெரிதாகக் கவனிக்கப்பட்டது. 'பார்ப்பன, பனியாக் கட்சி' என்ற பெயரைத் துடைக்க முயன்றுகொண்டிருந்த ஓர் அமைப்புக்குத் தலித் ஒருவரின் முகம் தேவைப்பட்டது. எட்டு மாதம்கூட அந்தப் பதவி நீடிக்கவில்லை.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் ஏறிய ஒவ்வொரு படியும் மேலிருந்து இறக்கப்பட்ட ஏணியின் படி. மக்களவைக்கு அவர் ஒருமுறைகூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அவர் விழுந்தால் தெருவுக்கு வர ஒரு தொகுதியோ, வாக்கை மாற்றிப்போட ஒரு சமூகமோ அவருக்குப் பின்னால் இல்லை. தலித் மக்கள் அவரைத் தம் தலைவராகக் கருதியதில்லை. அவரும் அவர்களைத் திரட்டியவர் அல்லர். பூனா ஒப்பந்தத்துக்குப் பிந்தைய கூட்டுத் தொகுதி முறை எத்தகைய தலித் பிரதிநிதிகளை உருவாக்கும் என்று அம்பேத்கர் எச்சரித்தாரோ, அந்த ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டில் கன்ஷிராம் 'தி சம்ச்சா ஏஜ்' என்ற நூலில் எதைக் கடுஞ்சொற்களில் விவரித்தாரோ, அதற்குள் அடங்கும் வாழ்க்கை இது. பிறர் தந்த நாற்காலியைப் பிறர் எடுத்துக்கொள்ள ஒருநாள் போதும்.

ஒரே ஒளிநாடா, வெவ்வேறு விதிகள்

அதே ஒளிப்பதிவுகளில் சமதா கட்சித் தலைவர் ஜெயா ஜேட்லியும் இருந்தார். அந்தச் சந்திப்பு நடந்தது பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸின் அதிகாரபூர்வ இல்லத்தில். பெர்னாண்டஸ் 2001 மார்ச்சில் பதவி விலகினார். ஆனால், விசாரணை ஆணையம் தன் பணியை முடிப்பதற்கு முன்பே, அதே ஆண்டு அக்டோபரில் அதே பாதுகாப்புத் துறைக்கு அமைச்சராகத் திரும்பினார். அவர் நேரடியாகப் பணம் பெறும் காட்சி எதுவும் ஒளிநாடாவில் இல்லை என்பதையும் நாம் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆயினும், பொம்மை நிறுவனம் விற்க முயன்ற கருவியை வாங்கும் அதிகாரம் அவருடைய துறைக்குத்தான் இருந்தது. லட்சுமணிடம் அந்த அதிகாரம் இல்லை.

ஜெயா ஜேட்லி மீதான தீர்ப்பு வர 2020 ஜூலை வரை ஆயிற்று. அவருக்கும் நான்கு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அன்றே டெல்லி உயர்நீதிமன்றம் அத்தண்டனையை நிறுத்திவைத்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைப்பதே முறை என்பது வழக்குரைஞர்களாகிய நமது கருத்து. ஆகவே ஜேட்லிக்குக் கிடைத்ததை நாம் குறை சொல்லவில்லை. அதே முறை லட்சுமணுக்கு ஐந்தரை மாதம் கழித்தே கிடைத்தது என்பதைப் பதிவு செய்கிறோம்.

இதைவிடத் தெளிவான ஒப்பீடு அவருடைய கட்சிக்குள்ளேயே இருக்கிறது. 2003 நவம்பரில் ஒன்றிய இணையமைச்சர் திலீப் சிங் ஜூதேவ் பணம் பெறுவதாகக் காட்டும் ஒளிப்பதிவு வெளியானது. அவரும் பதவி விலகினார். ஜூதேவ், சத்தீஸ்கரின் ஜஷ்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். கிறித்தவர்களான பழங்குடியினரை 'தாய் மதத்துக்கு'த் திருப்பும் இயக்கத்தின் முன்னணி முகம். 2009-ல் பிலாஸ்பூர் மக்களவைத் தொகுதியில் கட்சி அவரை வேட்பாளராக்கியது. வென்று நாடாளுமன்றம் சென்றார்.

கர்நாடகத்தின் எடியூரப்பா 2011-ல் முதலமைச்சர் பதவியை இழந்தார். அவ்வாண்டு அக்டோபரில் நில வழக்கில் கைதானார். 2012-ல் கட்சியை உடைத்துத் தனிக்கட்சி கண்டார். அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் பா.ஜ.க. ஆட்சியைப் பறிகொடுத்தது. லிங்காயத்து வாக்குகள் இல்லாமல் கர்நாடகம் இல்லை என்பது புரிந்ததும், 2014 தொடக்கத்திலேயே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சிறப்பு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2016 அக்டோபரில்தான். நீதிமன்றம் விடுவிப்பதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே கட்சி விடுவித்துவிட்டது. 2019-ல் அவர் மீண்டும் முதலமைச்சர்.

லட்சுமணைக் கட்சி முற்றாகக் கைவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2004-ல் அவருடைய துணைவியாருக்கு ராஜஸ்தானின் ஜாலோர் தனித்தொகுதியைக் கொடுத்தது, அவர் வென்றார். லட்சுமணும் தேசியச் செயற்குழுவில் ஓர் உறுப்பினராகத் தொடர்ந்தார். ஆனால், தண்டனை வந்தபோது அது அவருடைய தனிப்பட்ட விவகாரமாக்கப்பட்டது. கட்சி நிதி என்று அவர் சொன்ன பணத்துக்குக் கட்சி பதில் சொல்லவில்லை.

சாதி ஒன்றே இந்த வேறுபாடுகள் அனைத்தையும் தீர்மானித்தது என்று நாம் வாதிடவில்லை. வழக்கின் சான்றுகள் வேறு, காலம் வேறு, மாநிலம் வேறு. நாம் சொல்வது இவ்வளவுதான்: குற்றச்சாட்டு வரும்போது எல்லோரும் விழுகிறார்கள். யார் திரும்ப எழுகிறார் என்பதைக் குற்றத்தின் அளவோ தீர்ப்போ முடிவு செய்வதில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் சமூக வலிமை முடிவு செய்கிறது.

விடுதலைக்குப் பிறகும் நீங்காத பெயர்

இதற்கு எதிர்ச்சான்றாக ஆ. இராசாவைச் சிலர் காட்டக்கூடும். பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து வந்த தலித், வழக்குரைஞர், தேர்தலில் நின்று வென்றவர். 2ஜி அலைக்கற்றை வழக்கில் 2011 பிப்ரவரி 2 அன்று கைதாகி, 15 மாதங்களுக்கு மேல் காவலில் இருந்தார். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிபதி ஓ.பி. சைனி அவரையும் மற்றவர்களையும் விடுதலை செய்தார். சட்டப்படி ஏற்கத்தக்க சான்றுடன் எவரேனும் வருவாரா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும் எவரும் வரவில்லை என்று அத்தீர்ப்பில் அவர் பதிவு செய்தார். 2019-லும் 2024-லும் இராசா நீலகிரி தனித்தொகுதியில் வென்றார்.

இராசா எழுந்தார் என்பது உண்மை. அவருக்கு மக்களிடம் வாக்கு கேட்டு வென்ற வரலாறு இருந்தது, அவருடைய கட்சியும் உடன் நின்றது. அவர் எழுந்ததும் நாம் சொல்லும் விதிக்கு உட்பட்டதே. ஆனால், அவர் பெயரோடு ஒட்டிய '1.76 லட்சம் கோடி' இன்னும் உதிரவில்லை. அந்தத் தொகை, தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2010-ல் மதிப்பிட்ட அனுமான இழப்பு. ஏலம் விட்டிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற கேள்விக்கான பதில் அது. 2012-ல் உச்சநீதிமன்றம் 122 உரிமங்களை இரத்து செய்தது; ஒதுக்கீட்டு முறை சட்டப்படி சரியா என்பது அங்கே எழுந்த கேள்வி. குற்றவியல் நீதிமன்றத்தின் முன்பிருந்த கேள்வியோ, குற்றம் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா என்பது. மூன்றும் வெவ்வேறு கேள்விகள். பொதுவெளி மூன்றையும் கலந்து, அனுமான இழப்பை ஒருவர் வீட்டுக்கு எடுத்துச்சென்ற பணமாக்கியது. விடுதலையை எதிர்த்த மேல்முறையீட்டை டெல்லி உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றிருக்கிறது. சட்டப்படி அது தன் வழியில் நடக்கட்டும்.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் ஒருவர். நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர் இன்னொருவர். இருவரும் விழுந்தபோது பொதுவெளியில் ஒரே வாக்கியம் கேட்டது: "இவர்களுக்குப் பதவி கொடுத்தால் இப்படித்தான்." எடியூரப்பா விழுந்தபோது லிங்காயத்துகள் அனைவரையும் நோக்கி இந்த வாக்கியம் வீசப்படவில்லை. ஆதிக்கச் சாதியின் ஊழல் தனிமனிதரின் ஊழலாகவே இருக்கிறது. தலித்தின் ஊழல் ஒரு சமூகத்தின் இயல்பாக மாற்றப்படுகிறது.

2013 ஜனவரியில் ஜெய்ப்பூர் இலக்கிய விழாவில் அறிஞர் ஆஷிஸ் நந்தி, ஊழல்வாதிகளில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்ட, பட்டியலின, பழங்குடிச் சமூகங்களிலிருந்து வருகிறார்கள் என்ற பொருளில் பேசிச் சர்ச்சைக்குள்ளானார். மேல்தட்டினரின் ஊழல் கண்ணுக்குத் தெரிவதில்லை, மற்றவர்களுடையதே தெரிகிறது என்பதே தமது கருத்து என்று விளக்கினார். அந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. பிள்ளைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழக இடம், மருமகனுக்கு நிறுவனத்தில் இயக்குநர் பதவி, உறவினருக்கு ஒப்பந்தம் என்று கைமாறும் சலுகை எந்த மேசை இழுப்பறையிலும் சிக்காது. பரம்பரைத் தொடர்புகள் இல்லாதவரிடம் ரொக்கம் மட்டுமே இருக்கும். ரொக்கம்தான் கேமராவில் தெரியும்.

அவரை நாம் காக்க வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே நமது தெளிவான பதில். லட்சுமண் பணம் வாங்கினார். எல்லையில் நிற்கும் படைவீரர் கையில் எந்தக் கருவி போய்ச் சேர வேண்டும் என்ற விவகாரத்தில் வாங்கினார். அவர் தலித் என்பது அந்தக் குற்றத்தைச் சிறிதும் குறைக்காது. "எல்லோரும் வாங்குகிறார்கள், எங்களவர் வாங்கினால் மட்டும் குற்றமா?" என்று கேட்பது நமது இயக்கத்துக்கு அழகன்று. அது ஊழலில் இடஒதுக்கீடு கேட்பதற்குச் சமம்.

ஏனென்றால் ஊழல் முதலில் பறிப்பது நம் மக்களுடைய பங்கை. சாதிச் சான்றிதழுக்காக அலுவலகப் படியேறும் பெற்றோரை நாம் அறிவோம். வன்கொடுமை வழக்கில் அரசு வழங்கும் தீருதவித் தொகை கைக்கு வருமுன்பே அதில் 'செலவு' கேட்கப்பட்டதாக நம்மிடம் வந்து சொன்ன குடும்பங்கள் உண்டு. தந்தையைப் பறிகொடுத்த வீட்டில் அந்தத் தொகைதான் பிள்ளையின் அடுத்த ஆண்டுப் படிப்பு.

பெருந்தொகைகளிலும் இதே நிலைதான். 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காக, டெல்லியில் பட்டியலின மக்களுக்கான சிறப்புக்கூறு நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாய் திருப்பிவிடப்பட்டதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி செயற்பாட்டாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். அரசும் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 'காமன்வெல்த் ஊழல்' என்று நாடு கொந்தளித்த பட்டியலில் இந்தப் பணம் முன்வரிசைக்கு வரவே இல்லை. தலித்துகளிடமிருந்து எடுக்கப்படும் பணத்தை ஊழல் என்று அழைக்கவே இந்நாட்டின் ஊழல் எதிர்ப்பு இன்னும் பழகவில்லை.

கட்சி நிதி என்ற மறைவிடம்

லட்சுமணின் தற்காப்பு வாதத்தை மீண்டும் நினைவுகூர்வோம்: அது கட்சி நிதி. அந்த வாதத்தால் அவர் தண்டனையிலிருந்து தப்பவில்லை, தப்பியிருக்கவும் கூடாது. ஆனால், 2017-ல் அவருடைய கட்சியின் அரசு தேர்தல் பத்திரத் திட்டத்தை அறிவித்தது. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரியாமலேயே நிறுவனங்கள் கட்சிகளுக்குப் பணம் தர வழி ஏற்பட்டது. 2018 முதல் விற்பனையான பத்திரங்களின் மதிப்பு ஏறத்தாழ 16,500 கோடி ரூபாய். 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் திட்டத்தையே அரசமைப்புக்கு எதிரானது என்று இரத்து செய்தது. பிறகு வெளியான தரவுகளின்படி, 2019 ஏப்ரலுக்குப் பின் மட்டும் பா.ஜ.க. பணமாக்கிய பத்திரங்கள் 6,000 கோடி ரூபாயைத் தாண்டின.

இழுப்பறையில் வைக்கப்பட்ட ஒரு லட்சத்துக்கு ஒரு முதியவர் சிறை சென்றார். வங்கியின் வழியே வந்த ஆயிரக்கணக்கான கோடிக்கு, திட்டம் செல்லாது என்ற தீர்ப்பு வந்ததோடு சரி. பெற்ற பணத்தை எந்தக் கட்சியும் திருப்பித் தர வேண்டியிருக்கவில்லை.

30 நாள் மசோதா யாரைத் தொடும்?

இப்போது மசோதாவுக்குத் திரும்புவோம். முதலாவதாக, தெகல்கா ஒளிநாடா இன்று வெளியாகியிருந்தாலும் இந்த மசோதா லட்சுமணையோ ஜேட்லியையோ தொடாது. இருவரும் கட்சித் தலைவர்கள், அமைச்சர்கள் அல்லர். ஊழல் பணம் சேரும் இடம் பெரும்பாலும் கட்சிதான். அந்த வாசலை விட்டுவிட்டு, அமைச்சரவை வாசலில் மட்டும் காவல் போடுகிறது மசோதா.

இரண்டாவதாக, 30 நாள் என்ற கணக்கு. குற்றவியல் நடைமுறைப்படி, காவலில் உள்ளவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் காவல் துறைக்கு 60 நாளோ 90 நாளோ அவகாசம் உண்டு. அதாவது, குற்றச்சாட்டு என்ன என்பதை நீதிமன்றத்தில் முழுமையாக எழுதித் தர வேண்டிய நாள் வருவதற்கு முன்பே பதவி போய்விடும். பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் பிணை பெறுவது எவ்வளவு கடினம் என்பதைச் செந்தில் பாலாஜி வழக்கில் தமிழகம் பார்த்தது: 2023 ஜூனில் கைதானவர் 471 நாள் சிறையிலிருந்தார். பிணையில் வந்த மூன்றாம் நாள் மீண்டும் அமைச்சரானார். உச்சநீதிமன்றம் அதைக் கேள்விக்குட்படுத்த, 2025 ஏப்ரலில் பதவி விலகினார். அமலாக்கத் துறை பத்தாண்டுகளில் அரசியல்வாதிகள் மீது பதிந்த 193 வழக்குகளில் இரண்டில் மட்டுமே தண்டனை கிடைத்திருப்பதாக 2025 மார்ச்சில் ஒன்றிய அரசே மாநிலங்களவையில் தெரிவித்தது. நூறு கைதுக்கு ஒரு தீர்ப்பு வரும் நாட்டில், கைதையே தீர்ப்பாக்க முனைகிறார்கள்.

மூன்றாவதாக, நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வி. 31-வது நாளில் பதவியிழக்கும் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவருக்குப் பின்னால் பத்து மாவட்டங்களின் ஆதிக்கச் சாதி வாக்குகள் இருக்கின்றன. இன்னொருவர் தனித்தொகுதியில் கட்சித் தலைமை கைகாட்டி நின்று வென்ற பட்டியலினத்தவர். அமைச்சரவையின் சமூகப் பிரதிநிதித்துவக் கணக்குக்காகச் சேர்க்கப்பட்டவர். இருவரும் பிணையில் வருகிறார்கள். முன்னவருக்கு நாற்காலி காலியாகவே காத்திருக்கும். பின்னவரின் நாற்காலியில் அதே கணக்குக்காக இன்னொருவர் அமர்ந்திருப்பார். சட்டம் இருவருக்கும் ஒன்றே, விளைவு ஒன்றல்ல.

கைதானவரையெல்லாம் குற்றவாளியாகக் கொள்ளும் மனப்போக்கின் சுமையை அமைச்சர்களைக் காட்டிலும் நம் மக்களே அதிகம் சுமக்கிறார்கள். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியலினத்தவர். அவர்களுக்கு 31-வது நாளில் போவது அமைச்சர் பதவியன்று; கூலி வேலை, வாடகை வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம். 'மெய்ப்பிக்கப்படும்வரை நிரபராதி' என்ற கொள்கை மேலே தளர்ந்தால், கீழே அது முற்றாக அற்றுப்போகும். ஆகவேதான் ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளான அமைச்சர்கள்மீது நமக்கு எந்தக் கரிசனமும் இல்லாதபோதும் இந்த மசோதாவை எதிர்க்கிறோம்.

நாம் கேட்பது

எதிர்ப்போடு நின்றுவிடவும் முடியாது. மக்கள் பிரதிநிதிகள் மீதான வழக்குகளைக் குற்றச்சாட்டு வனைந்த ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கூறியது. அதை நிறைவேற்றத் தேவையான நீதிபதிகளையும் அரசு வழக்குரைஞர்களையும் நியமித்தாலே 30 நாள் குறுக்குவழிக்கு வேலையிருக்காது. லட்சுமணின் வழக்கில் ஒளிநாடாவுக்கும் தீர்ப்புக்கும் இடையே 11 ஆண்டுகள். ஜேட்லியின் வழக்கில் 19 ஆண்டுகள். தாமதமே வலியவருக்குக் கிடைக்கும் விடுதலை.

தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூனில் உத்தரவிட்டது. கட்சிகள் இன்றுவரை அதற்குப் பணியவில்லை. அமைச்சரின் கைதுக்குச் சட்டத் திருத்தம் கொண்டுவருபவர்கள், தம் கட்சியின் கணக்கேட்டைத் திறக்க அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தாலே போதும்.

பட்டியலின, பழங்குடி மக்களுக்கான நிதியை வேறு செலவுக்குத் திருப்புவதைத் தடுக்க ஆந்திரம், கர்நாடகம், தெலங்கானா ஆகியவற்றைத் தொடர்ந்து தமிழகமும் 2024-ல் சட்டம் இயற்றியிருக்கிறது. ஒன்றிய அரசளவில் அத்தகைய சட்டம் இல்லை. நம் பங்கைத் திருப்பிவிடுவதும் ஊழலே என்று சட்டம் சொல்லாதவரை, ஊழல் எதிர்ப்பு என்பது பிறருடைய பணத்தைப் பற்றிய பேச்சாகவே இருக்கும்.

கட்சிகளில் பொறுப்பேற்கும் நம் இளைஞர்களுக்கும் இந்த வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. தேசியத் தலைவர் பதவியைவிட, தம் ஊரில் தமக்காக நிற்கும் ஆயிரம் பேர் பெரிய பலம். அந்த ஆயிரம் பேரிடம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவருக்கு இழுப்பறை தேவைப்படாது. பொய்வழக்கு வந்தாலும் அவர் தனியாக நிற்க மாட்டார். பங்காரு லட்சுமணுக்கு இரண்டுமே வாய்க்கவில்லை. அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை தவறு என்று நாம் சொல்லவில்லை. அந்த அளவுகோல் அவரோடு முடிந்துபோனது என்பதுதான் நமது வழக்கு.